ஸ்கேனில் குடலில் ஒரு புள்ளி: காத்திருப்பதா, கேமரா விட்டுப் பார்ப்பதா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ முடிந்து எடுத்த பெட்-சிடி (உடலில் புற்று எங்கே இருக்கிறது என்று தேடும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில், மார்பைப் பற்றிய நல்ல செய்திக்குக் கீழே ஒரு வரி இருந்தது: பெருங்குடலின் கடைசிப் பக்கத்து வளைவான சிக்மாய்டு பகுதியில் ஒரே இடத்தில் எஃப்டிஜி குவிந்திருக்கிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரிம்மா, "இத்த வேற ஏன்டா நோண்டிக்கினு? அடுத்த ஸ்கேன்ல பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆறு வாரம் சும்மா இருந்துவிட்டேன். இருந்திருக்கக் கூடாது.

எஃப்டிஜி என்பது கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ். புற்று மட்டுமல்ல, தொற்று, வீக்கம், ஒழுங்காக வேலை செய்யும் குடல்கூட அதை இழுக்கும். குடல் நெடுகப் பரவலாக மினுங்கினால் பெரும்பாலும் பயமில்லை. மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளிடம் இது சாதாரணம். (அதனால்தான் பல சென்டர்களில் 48 மணி நேரம் முன்பே அதை நிறுத்தச் சொல்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.) ஒற்றை இடத்தில் குவிந்த புள்ளி அப்படியல்ல. அதன் பின்னே பாலிப்போ (குடலின் உட்சுவரில் வளரும் சதை முடிச்சு), பழைய நோய்க்குச் சம்பந்தமில்லாமல் தனியே முளைத்த குடல் புற்றோ இருப்பது அபூர்வமல்ல.

அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருப்பது பரவலான மினுக்கத்துக்குப் போதும். ஒற்றைப் புள்ளிக்குப் போதாது: மூன்று மாதம் கழித்தும் அதே புள்ளி தெரிந்தால், அது என்னவென்று அப்போதும் தெரியாது. முதலில் வந்த புற்றே முற்றி, நாட்கள் எண்ணப்படும் நிலையில் இருப்பவர் "இனி எதுவும் வேண்டாம்" என்றால் அது வேறு. அந்த முடிவை மதிக்க வேண்டும்.

மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் பரிசோதனை இதற்கு உதவாது. ஸ்கேனில் புள்ளி தெரிந்த பிறகு அது 'நெகடிவ்' என்று வந்தாலும் நிம்மதி கிடையாது.

சிடி ஸ்கேனிலேயே பெருங்குடலின் உள்பக்கத்தைப் பார்க்கும் சிடி கொலனோகிராஃபி பலருக்குப் பிடிக்கிறது, மயக்க ஊசி இல்லை என்பதால். ஆனால் பேதி மருந்து அதற்கும் உண்டு. சதை எடுக்கவும் முடியாது. நம் ஊரில் அது பெரிய குறை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் காசநோய், சுவரைத் தடிக்க வைத்து, பெட் ஸ்கேனிலும் மினுங்கி, புற்றுபோலவே தெரியும். சதைத் துணுக்கைச் சோதித்தால்தான் வித்தியாசம் புரியும்.

ஆகவே என் ஓட்டு, ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்குத்தான். பார்க்கலாம், கிள்ளி எடுக்கலாம், பாலிப் என்றால் பெரும்பாலும் அப்போதே வெட்டிவிடலாம். ரத்தக்கசிவு, குடலில் துளை ஆகிய ஆபத்துகள் உண்டு, ஆனால் அரிது. உண்மையான கஷ்டம் முந்தைய இரவு. லிட்டர் கணக்கில் பவுடர் கரைத்த தண்ணீர், இருபது தடவை கக்கூஸ். ஸ்டோர் வீட்டில் நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் என்றால், கீமோவில் துவண்ட பெண்மணி என்ன செய்வார்? இதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். முந்தின நாளே அட்மிட் செய்ய முடியுமா என்று கேளுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் குடல் நோய்த் துறை பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு நிலையில் கொலனோஸ்கோப்பியே ஆபத்து. கீமோ நடுவில் வெள்ளை அணுக்கள் விழுந்து, காய்ச்சலோடு வலது அடிவயிறு வலித்து, ஸ்கேனில் பெருங்குடலின் தொடக்கம் வீங்கியிருந்தால், அந்தச் சுவர், கேமராவோடு உள்ளே செலுத்தும் காற்றின் அழுத்தம் தாங்காமல் கிழியலாம். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "குடல் சுவரில் காற்று" என்ற வரி வந்தாலும் எச்சரிக்கை வேண்டும்: சில மருந்துகளால் தீங்கில்லாமல் வருவதும் உண்டு, குடல் அழுகுவதால் வருவதும் உண்டு. வலி, காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்த்துத்தான் பிரிக்க முடியும். பெவாசிசுமாப் என்ற புற்று மருந்தை ஊசியாகப் போடுபவர்கள் கேமராவுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு 12 மில்லிமீட்டர் பாலிப். எடுத்துவிட்டார்கள், பயாப்சியில் அடினோமா (பின்னாளில் புற்றாக மாறக்கூடிய வகைக் கட்டி), புற்று இல்லை. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்ன தேதியை கீமோ ஃபைலின் மேலட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.