பூங்கா டென்னிஸ் கோர்ட்: வரிசையா, முன்பதிவா, குத்தகையா?

டென்னிஸ் கோர்ட்டின் கோடுகளுக்குள் நீளம் 23.77 மீட்டர். இரட்டையர் ஆட்டத்துக்கான அகலம் 10.97 மீட்டர். சுற்றிலும் ஓடிப் பந்தெடுக்க விடும் இடத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 670 சதுர மீட்டர் ஆகிறது. அத்தனை இடத்திலும் ஒரே நேரத்தில் ஆட முடிவது நான்கே பேர்தான். பொதுப் பூங்காவில் இந்த நால்வர் யார் என்று எப்படி முடிவு செய்வது? நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் விலை உண்டு. வரிசை நம் நேரத்தைக் கேட்கிறது, முன்பதிவு முன்யோசனையைக் கேட்கிறது, குத்தகை பணத்தைக் கேட்கிறது.

முதலில் வரிசை. கதவு திறந்தே கிடக்கும், முதலில் வந்தவர் ஆடுவார், அடுத்து வந்தவர் ராக்கெட்டை வேலியில் மாட்டிவிட்டுக் காத்திருப்பார். யாராவது காத்திருந்தால் ஒற்றையருக்கு ஒரு மணி நேரம், இரட்டையருக்கு இரண்டு மணி நேரம் என்று சில பூங்காக்களில் பலகை வைத்திருப்பார்கள். இரட்டையருக்குச் சலுகை காட்டுவதுபோலத் தோன்றும் இந்தக் கணக்கு உண்மையில் சமமானது. இருவர் ஒரு மணி நேரம் ஆடினாலும் நால்வர் இரண்டு மணி நேரம் ஆடினாலும், தலைக்கு அரை மணி நேரக் கோர்ட்தான் செலவாகிறது. யார் யோசித்தார்களோ, நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

வரிசையின் பெரிய பலம், கோர்ட் சும்மா கிடக்காது. பலவீனமும் தெரிந்ததே. வேலை முடிந்து ஓடி வருகிறவருக்கு வெளிச்சம் இருப்பதே ஒரு மணி நேரம்தான். அதையும் வேலி ஓரம் நின்று கழிக்க வேண்டியிருக்கும். அப்புறம், 'நாங்கள் இப்போதுதான் ஆரம்பித்தோம்' என்று சொல்லும் பழைய ஆட்கள் எல்லாப் பூங்காவிலும் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர் அவர்களிடம் பலகையைக் காட்டிப் பேசுவது லேசில்லை. நானும் ஒருமுறை பேசாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

அந்தச் சங்கடத்தைப் போக்கத்தான் முன்பதிவு. பிரிட்டனில் 2022-ல் அரசும் டென்னிஸ் சங்கமும் சேர்ந்து பாழடைந்த பூங்கா கோர்ட்டுகளைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, பல இடங்களில் முன்பதிவு முறையும் கேட்டில் எண் பூட்டும் கூடவே வந்தன. போனில் பதிவு செய்தால் எண் வரும், அதை அழுத்தினால் கதவு திறக்கும். கிளம்புவதற்கு முன்பே இடம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. குழந்தையை அழைத்து வருபவருக்கும் தூரத்திலிருந்து வருபவருக்கும் இது பெரிய விஷயம். கட்டணம் வாங்கினால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போட வேண்டிய மேல்பூச்சுக்கும் கிழிந்த வலைக்கும் காசு சேரும்.

ஆனால் என்னை அதிகம் எரிச்சலூட்டுவதும் இதே முறைதான். பதிவு செய்தவர் வரமாட்டார். கோர்ட் காலியாகக் கிடக்கும். வெளியே நாம் ராக்கெட்டோடு நிற்போம், நடுவில் பூட்டு. வரிசை முறையில் இப்படி ஒரு காட்சிக்கு வாய்ப்பே இல்லை. ஒரு வாரம் முன்பே பதிவு திறந்தால், மாலை நேரமெல்லாம் திறந்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு சில கைகளுக்குப் போய்விடுவதும் உண்டு. இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பத்து நிமிடம் தாமதித்தால் பதிவு ரத்து, வாரத்துக்கு ஒருவருக்கு இத்தனை மணி நேரம்தான் என்ற வரம்பு, பாதி நேரத்தை அன்று காலையில் மட்டும் திறப்பது எனச் செய்யலாம். இவை இல்லாத முன்பதிவு, வரிசையைப் பூங்காவிலிருந்து போனுக்கு இடம் மாற்றுவதோடு சரி.

குத்தகையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஒரு கிளப்பிடமோ பயிற்சியாளரிடமோ மொத்தமாக ஒப்படைத்தால் கோர்ட் பளிச்சென்று இருக்கும், விளக்கு எரியும், பிள்ளைகள் முறையாகக் கற்பார்கள். பூங்காவின் நல்ல நேரங்கள் மட்டும் உறுப்பினர்களுக்குப் போய்விடும், மற்றவர்களுக்கு உச்சி வெயில். ஒப்பந்தத்திலேயே பொது நேரத்தை மணிக்கணக்கோடு எழுதி, வாசலில் ஒட்டினால் ஒழிய இதை நான் ஏற்கமாட்டேன்.

சிறு மட்டையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தும் கொண்டு ஆடும் பிக்கிள்பால்காரர்களும் இதே இடத்தைக் கேட்கிறார்கள், அது தனிச் சண்டை. அந்த ஆட்டத்தின் களம் 13.41 மீட்டருக்கு 6.10 மீட்டர்தான். ஒரு டென்னிஸ் கோர்ட் இடத்தில் நான்கு போடலாம், பதினாறு பேர் ஆடலாம். தலைக்கணக்கு பார்த்தால் டென்னிஸ்காரர்களிடம் பதில் இல்லை.

என்னிடம் விட்டால், நான்கு கோர்ட் உள்ள பூங்காவில் இரண்டை எப்போதும் வரிசைக்கே வைப்பேன். மற்ற இரண்டில் மாலைக்கும் வார இறுதிக்கும் மட்டும் முன்பதிவு, அதுவும் பத்து நிமிட விதியோடு. பயிற்சியாளருக்கு ஒரு கோர்ட், வேலை நாள் பகலில். ஒரே ஒரு கோர்ட்தான் இருக்கிறது என்றால் வரிசைதான், யோசிக்கவே வேண்டாம்.

இந்த மூன்று முறையும் ஆட ஒரு துணை இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போட்டவை. தனியாக வருபவருக்கு இவற்றில் எதனாலும் பயனில்லை. பிரிட்டனில் ராக்கெட்டும் பந்தும் கொடுத்து, வந்தவர்களைக் கலந்து ஆடவிடும் இலவச வாராந்தர ஆட்டங்கள் நடக்கின்றன. அதுகூட முடியாத பூங்காவில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் வலை உயரத்துக்குக் கோடு போட்ட ஒரு பயிற்சிச் சுவர் கட்டலாம். வலையின் உயரம் நடுவில் 91.4 சென்டிமீட்டர், அந்த உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போதும். அதற்குப் பூட்டு தேவையில்லை.