நாலு வருஷம் ஓட்டிய பேட்டரி வீல்சேரும் கண்ணில் படாத ஒரு ஸ்டிக்கரும்

போன வாரம் இடது பக்க மோட்டாரை மாற்றி வண்டி வீட்டுக்கு வந்தது. அன்றைக்கே தோழி ஒருத்தி, அப்பாவுக்கு இதே மாடலை வாங்கலாமா என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஓட்டத்தில் குறையே இல்லை. நாலு வருஷமாகத் தினமும் ஓட்டுகிறேன், பேட்டரி ஒரே ஒருமுறைதான் மாற்றினேன், ஜாய்ஸ்டிக் இன்னும் விரல் நுனிக்குக் கட்டுப்படுகிறது. வண்டி வந்த பிறகுதான் தனியாகக் காய்கறிக் கடைக்குப் போனேன், அதை மறக்க முடியாது.

என் கோபமெல்லாம் புது மோட்டாரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மேல். பழைய மோட்டாரில் இருந்த அதே ஸ்டிக்கர், அதே இடத்தில், அதே ஆங்கிலத்தில். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், சக்கரத்துக்கு உள்பக்கம், கட்டைவிரல் நக அளவு. க்ளட்ச் லிவர் எந்தப் பக்கம் இருந்தால் வண்டி ஓடும், எந்தப் பக்கம் இருந்தால் கையால் தள்ளலாம் என்று காட்டுவது அதுதான். உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரியவே தெரியாது. பின்னால் நின்று தள்ளுகிறவர் பார்க்க வேண்டுமென்றால் குனிந்து தலையை உள்ளே விட வேண்டும்.

பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த வண்டியில் கையால் போடும் பிரேக் கிடையாது. ஜாய்ஸ்டிக்கை விட்டதும் மின்சாரம் நின்று, மோட்டாருக்குள் இருக்கும் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். க்ளட்ச் லிவரைத் திருப்பினால் அந்தப் பிடியும் போய்விடும். சுவிட்சை அணைத்து வைத்திருந்தாலும் சரிவில் தானாக உருளும்.

இரண்டாம் வருஷம் எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங் சரிவில் வண்டி நின்றுவிட்டது. வாட்ச்மேன் அண்ணா ஓடி வந்தார். "தள்ளணும்னா பின்னாடி லிவரைத் திருப்புங்கண்ணா" என்று நான்தான் சொன்னேன், திருப்பினார். கேட்டைத் திறக்க ஒரு நிமிஷம் கையை எடுத்தார். வண்டி உருண்டு தூணில் மோதி, கால்வைக்கும் தட்டு வளைந்து, என் கணுக்கால் வீங்கிப் பதினைந்து நாள் கிடந்தேன். "எனக்குத் தெரியாதே கண்ணு" என்று அவர் அழுததை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? வண்டி கழுவிக் கழுவி அந்த எழுத்தும் மங்கியிருந்தது. விற்றவர்களைக் கேட்டால், "மேனுவல்ல இருக்கு மேடம்."

வீல்சேருக்கான ஐஎஸ்ஓ 7176 என்ற சர்வதேசத் தரநிலைத் தொகுப்பில் 15ஆம் பகுதியே லேபிள்களுக்கும் கையேட்டுக்கும்தான். இதற்கென்று உட்கார்ந்து யோசித்தவர்கள் இருக்கிறார்கள். இதே வண்டியின் சட்டத்தில் நாலு மூலையிலும் மஞ்சளில் கொக்கிப் படம் இருக்கிறது, வேனில் ஏற்றும்போது பெல்ட்டை மாட்ட வேண்டிய இடம். வீல்சேரையே ஏற்றிப் பழகாத ஒரு டிரைவர் யாரும் சொல்லாமல் அந்த நாலு இடத்திலும் சரியாக மாட்டினார். ஒரு எழுத்துகூட இல்லை, படம் மாட்ட வேண்டிய இடத்திலேயே இருந்தது, அவ்வளவுதான். கொக்கிக்குக் காட்டிய அக்கறையை என் பிரேக்குக்குக் காட்டக் கூடாதா?

கடைசியில், பைக் நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டும் ரேடியம் கடையில் 120 ரூபாய் கொடுத்து, "லிவரைத் திருப்பினால் பிரேக் இருக்காது, கையை எடுக்காதீர்கள்" என்று சிவப்பில் வெட்டி வாங்கி, சாய்மானத்தின் பின்புறம் ஒட்டினேன். இரண்டு வருஷ மழையிலும் வெயிலிலும் ஓரம்கூடப் பெயரவில்லை. வாட்ச்மேன் அண்ணா ஒவ்வொரு தடவையும் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கைவைக்கிறார்.

தோழியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்று கேட்டாள். அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவர்கள் வீட்டு வாசலிலேயே சரிவு இருக்கிறது. அதையும் மீறி வாங்குவதென்றால், முதலில் ரேடியம் கடைக்குப் போய்விட்டு வா, அப்புறம் அப்பாவை உட்கார வை என்றேன்.