ஸ்தலோவயாவா, ரெஸ்டாரன்டா? சோவியத் ஊரில் ஒரு சாப்பாடு

ஸ்தலோவயா எனும் பொது உணவகம், ரெஸ்டாரன்ட், இரண்டுமே அரசுடையவை. ஆனால் ஒரே கட்லெட்டுக்கு இரண்டு விலை. மூலப்பொருளின் விலைமேல் எவ்வளவு கூட்டலாம் என்பதைக் கடையின் தரவரிசை முடிவு செய்தது. ஸ்தலோவயா கீழ்வரிசை, ரெஸ்டாரன்ட் மேல்வரிசை.

ஸ்தலோவயாவில் தட்டேந்தி வரிசையில் நிற்க வேண்டும். சூப், கட்லெட், உலர்பழங்களை வேகவைத்த இனிப்புப் பானமான கம்போட். எதில் எத்தனை கிராம் என்பதை அரசின் சமையல் தொகுப்பே சொல்லிவிடும். 1976 முதல் வியாழக்கிழமை மீன் நாள். இறைச்சி வேண்டுமென்றால் அடுத்த நாள் வா என்பார்கள். ருசி சுமார்தான். ஆனால் தொழிலாளி கையைக் கடிக்காமல் தினமும் சூடாகச் சாப்பிட்டார். அது சின்ன விஷயமில்லை.

ரெஸ்டாரன்டில் முதலில் வாசற்காவலரைத் தாண்ட வேண்டும். ‘இடமில்லை’ பலகை தொங்கும். உள்ளே மேசைகள் காலியாக இருக்கலாம். கையில் ஏதாவது வைத்தால் கதவு திறக்கும். உள்ளே வெள்ளை விரிப்பு, கிராம் கணக்கில் வோத்கா, மாலையில் இசைக்குழு. பாட்டுப் பட்டியலுக்கும் மேலிடத்து ஒப்புதல் வேண்டும். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது: பிறந்தநாள் மேசையிலிருந்து ஒருவர் எழுந்துபோய்க் குழுத்தலைவரிடம் ரூபிள் நோட்டை நீட்டுவார், பட்டியலில் இல்லாத பாட்டு ஒலிக்கும். மெனுவிலுள்ள எல்லாவற்றுக்கும் அரசு விலை வைத்தது. அந்தப் பாட்டுக்கு மட்டும் கேட்பவரும் பாடுபவரும் விலை பேசிக்கொண்டார்கள்.

அன்றாடச் சாப்பாட்டுக்கு என் ஓட்டு ஸ்தலோவயாவுக்கே. கல்யாணம் என்றால், சரி, வாசற்காவலருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போவேன்.