48,000 ரூபாய் போச்சு: ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆன்லைன் கோர்ஸில் சேருங்கள்

கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன், வயது 37. நான் சேர்ந்த ஆன்லைன் கோர்ஸ் நிறுவனத்திடமிருந்து நேற்று இரவு வந்த மெயிலைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. "ஆர்வமின்மையால் பாதியில் நிறுத்தியவர்" என்று என்னைக் குறித்திருக்கிறார்கள். 48,000 ரூபாய் கட்டியவனுக்கு ஆர்வம் இல்லையாம்!

வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே டேட்டா அனலிடிக்ஸ் (தரவுகளை அலசிப் பார்க்கும் படிப்பு) வகுப்பு நடத்துவதாகச் சொல்லும் ஆன்லைன் பயிற்சி நிறுவனம் அது. போனில் பேசிய கவுன்சலர், தான் பண்ருட்டிப் பக்கம் என்றார். டிப்ளமோவோடு படிப்பு நின்றது, பதினைந்து வருடமாக அதே பிளான்ட், வாராவாரம் மாறும் ஷிஃப்ட் என்று முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டார். என் படிப்பைப் பற்றி அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "பி ஷிஃப்ட்டில் ராத்திரி பத்து மணிக்குத்தான் வெளியே வருவேன், சரிப்படுமா?" என்று இரண்டு முறை கேட்டேன். "ரெக்கார்டிங் இருக்கு அண்ணா. தமிழ்லயே சந்தேகம் கேட்கலாம். நான் பார்த்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பினேன். சீட் போட ஓடிபி கேட்டார், சொன்னேன். அது சீட்டுக்கு இல்லை. வேறொரு கம்பெனியில் என் பெயரில் 48,000 ரூபாய் கடன் எடுக்க.

வகுப்பு இரவு எட்டு மணிக்கு. ரெக்கார்டிங் பத்து நாளில் போய்விடும். பி ஷிஃப்ட் முடிந்து, அடுத்த வாரம் சி ஷிஃப்ட் எனும் ராத்திரி வேலையின் தூக்கமும் தெளிந்து உட்கார்ந்தால் பாதிப் பாடம் இருக்காது. தமிழில் சந்தேகம் தீர்க்க ஒருவரும் வரவில்லை. பேட்சில் என்னைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நெய்வேலிக்காரர் ஒருவருக்கும் இதே ஷிஃப்ட் பிரச்சினைதான். இன்னொரு அக்கா பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். சோம்பேறிகள் யாருமில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "ஏழு நாள் தாண்டிவிட்டது". கவுன்சலரைக் கேட்டால் "அவர் வேலையை விட்டுவிட்டார்". கடன் கம்பெனியோ, "கோர்ஸ் வேறு, கடன் வேறு சார், தவணையைக் கட்டுங்கள்" என்கிறது. மொத்தம் 48,000 ரூபாய்க்கு மாதாமாதம் ஐந்தாம் தேதி தவணை.

விரிவாக எழுத நினைத்தேன், ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது. வட்டியில்லாத் தவணை என்றால் அது கடன்தானா என்று கேளுங்கள். ஓடிபி சொல்லாதீர்கள். வாய்ப்பேச்சை மெயிலில் எழுதி வாங்குங்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். முதலில் அங்கே ஒன்றை முடித்துப் பாருங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை.

நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த நெய்வேலிக்காரரும் அக்காவும் இதைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள்.