கிளட்ச் பெடல் இல்லாமல் நாலு வருஷம்

"மாமா, ஏஎம்டி லாரி எடுக்கலாமா?" என்று குடியாத்தத்து மச்சான் போன வாரம் போனில் கேட்டான். ஏஎம்டி என்றால் கிளட்ச் பெடல் இல்லாமல், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி. நாலு வருஷமாக என்னிடம் இருப்பது அதுதான். கேட்ட நேரம் சரியில்லை. என் வண்டி அப்போது மூன்றாவது நாளாகச் சத்துவாச்சாரி பட்டறையில் நின்றுகொண்டிருந்தது.

பெரிய பழுது இல்லை, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. கியர்பாக்ஸை இறக்கி, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்ற நம்ம மெக்கானிக்குக்கு ஒரு பகல் போதும். சாயங்காலமே முடித்துவிட்டார். ஆனால் வண்டி நகரவில்லை. புது பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அதற்கு லேப்டாப்போடு கம்பெனி ஆள் வரவேண்டும். வந்தார், இரண்டு நாள் கழித்து. கேபிளைச் செருகி, ஏர் டேங்க் நிரம்பும்வரை இஞ்சினை ஓடவிட்டு, ஏதோ தட்டினார். அடியிலிருந்து டக், புஸ், டக் என்று நாலைந்து தடவை சத்தம். பத்து நிமிஷ வேலை. அதற்குள் ராணிப்பேட்டை லோடு இரண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டது.

ஆட்டோமேட்டிக் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உள்ளே இருப்பதோ அதே பல்சக்கரம், அதே உலர் கிளட்ச். டிரைவர் காலுக்குப் பதில் காற்று அமுக்குகிறது. எப்போது அமுக்குவது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியாக இஞ்சின் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த வண்டி என்றால் கிளம்பும்போது ஆயில்தான் வழுக்கும். இதில் வழுக்குவது பிளேட். பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் அடி அடியாக ஊர்ந்தால் அது வெந்துவிடும். முன்னால் கொஞ்சம் இடம் விழட்டும், அப்புறம் ஒரே மூச்சில் நகர்த்து. மேட்டில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைத் தாங்காதே, பிரேக்கைப் பிடி. இதை வண்டி கொடுத்த அன்றே யாராவது சொல்லியிருந்தால் பிளேட் இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்கும்.

இன்னொன்று, ஏர் டிரையர் ஃபில்டர். தள்ளிப்போட்டால் காற்றோடு ஈரமும் வால்வுக்குள் போய், கியர் விழாமல் நடுரோட்டில் நிற்கும். எனக்கு ஒரு தடவை நின்றது, மழை நாளில்.

சரி, ஏன் விற்கவில்லை? எங்கள் டிரைவர் அண்ணனுக்கு 52 வயசு. இடது முழங்கால் போய்விட்டது, இனி முடியாது என்று ஊருக்குக் கிளம்ப இருந்தவர். இந்த வண்டி வந்தபின் நாலு வருஷமாக அந்தப் பேச்சே இல்லை. லோடோடு மொகிலி மலைப்பாதை ஏறும்போது வேகம் விழும் முன்பே அதுவே கியரைக் குறைத்துக்கொள்கிறது. நான் ஒரு தடவை அவரோடு போய்ப் பார்த்தேன். அவர் இடது காலைச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். திட்டவும் மனசு வரவில்லை.

மச்சானிடம் "வேண்டாம்டா, மேனுவலே எடு" என்றுதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான்.

நேற்று ராத்திரி வண்டி பலமநேர் தாண்டிவிட்டதாக அண்ணன் போன் செய்தார். கியர் எப்படி விழுகிறது என்று கேட்டேன்.

"விழுறதே தெரியலைங்க."