‘ஸ்மார்ட் சிட்டி கட்டுமான மேலாண்மை முதுநிலைப் பட்டம்’: 4 லட்சத்து 20 ஆயிரம் போச்சு, கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதத் தோன்றும், அப்போது யாருக்கும் உறைக்காது.

விற்றது முதுநிலைப் பட்டம். வந்தது ‘பங்கேற்றதற்கான சான்றிதழ்’, ஒரு பிடிஎஃப். வாங்கிக்கொண்டது 4 லட்சத்து 20 ஆயிரம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இணையவழி மேற்படிப்பு விற்கும் தளம், பல்கலைக்கழகங்களோடு கூட்டு வைத்திருப்பதாக விளம்பரம் செய்யும் வகை. இதே அச்சில் இன்னும் பல உண்டு. அதனால் பெயரைவிட ஆளை அடையாளம் காண்பதுதான் உங்களுக்கு உதவும். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

முதலில் பணம் எப்படிப் போனது என்று பாருங்கள். ‘இடத்தைப் பிடித்து வைக்க’ 25 ஆயிரம். கல்விக் கட்டணம் 3 லட்சத்து 40 ஆயிரம். ‘மென்பொருள், ஆய்வகம்’ என்ற பெயரில் 55 ஆயிரம். மூன்றும் மூன்று ரசீது, மூன்றிலும் பெறுபவர் பெயர் வேறு வேறு. ஒன்றில்கூடப் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. கல்விக் கட்டணம் ‘வட்டியில்லாத் தவணை’ என்றார்கள். அது தவணையே அல்ல, மாணவர் பெயரில் எடுக்கப்படும் கடன். கடன் நிறுவனம் முழுத் தொகையையும் தளத்துக்கு முதலிலேயே கொடுத்துவிடும். அதன்பின் தளத்துக்கு உங்களைப் பற்றிக் கவலைப்பட ஒரு காரணமும் இல்லை.

சரி, இவ்வளவு பெரிய தொகையை நம்பிக் கொடுக்க வைத்தது எது? விளம்பரம் அல்ல, இலவச டெமோ வகுப்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல வகுப்பு. அதுதான் தூண்டில்.

வகுப்பை எடுத்தவர் கட்டுமான இடத்தில் வேலை பார்த்த ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஸ்மார்ட் கம்பம் (கேமரா, சென்சார் பொருத்திய தெருக் கம்பம்) நடுவது அரை நாள் வேலை, அதன் காலடியில் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் மாதக்கணக்கு என்று ஆரம்பித்தார். நிலத்தடிக் குழாய், கேபிள் தகவலின் நம்பகத்தன்மையை நான்கு தரமாகப் பிரிக்கும் முறையைச் சொன்னார். பழைய வரைபடத்தை மட்டும் வைத்துச் சொன்னால் டி. மேலே தெரியும் மேன்ஹோல், வால்வு மூடிகளை அளந்து வரைபடத்தோடு ஒப்பிட்டால் சி. தரை ஊடுருவும் ரேடார், மின்காந்தக் கருவி வைத்துத் தேடினால் பி. தோண்டி வெளிப்படுத்தி அளந்தால் ஏ. ஆழத்தை உறுதியாகச் சொல்ல ஏ ஒன்றுதான், ஈரக் களிமண்ணில் ரேடார் அலை சீக்கிரம் தேய்ந்துவிடும், அங்கே பி தரத்தை நம்பி ஜேசிபியை இறக்காதே என்றார்.

அடுத்து ஒப்பந்தம். சிவில் வேலைக்கு ஒருவர், சென்சார், நெட்வொர்க் வேலைக்கு இன்னொருவர். முதலாமவர் டக்டை (கேபிள் போகும் நிலத்தடிக் குழலை) புதைத்து, மூடி, ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அவருடைய குறைதீர்ப்புக் காலம் (குறை வந்தால் அவரே சரிசெய்து தர வேண்டிய காலம்) ஓடத் தொடங்கிவிடுகிறது. பல மாதம் கழித்து ஃபைபர் கேபிள் இழுக்க வருபவர் டக்ட் நசுங்கிக் கிடப்பதைக் காண்கிறார். யார் தோண்டுவது, யார் செலவு? ஒப்படைப்பின்போதே மாண்ட்ரலை (குழலுக்குள் தடையின்றிப் போகிறதா என்று பார்க்கும் உருளையை) இழுத்துச் சோதித்து, இழுகயிறு விட்டு, இரு முனையையும் அடைத்து, இரண்டு ஒப்பந்ததாரரும் கையெழுத்துப் போட்டால் அந்தச் சண்டை வராது. இதைப் பாடமாக எடுக்கும் ஒருவர் கிடைத்தால் எவன் பணம் கட்ட மாட்டான்?

அவரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பாடத்திட்டம் முழுக்கத் தேடினாலும் அவர் எடுத்த ஒரு வகுப்பு இல்லை. கேட்டதற்கு ‘கௌரவ விரிவுரையாளர், அவருடைய நேரத்தைப் பொறுத்தது’ என்று பதில்.

இனி, காசு கொடுத்த பிறகு உள்ளே இருந்தது.

எல்லாம் பதிவு செய்த வீடியோ. மொத்தமும் கூட்டினால் நாற்பது மணி நேரம் தொடாது. ஸ்லைடை அப்படியே வாசிக்கும் இயந்திரக் குரல். ஐஎஸ்ஓ 19650 (கட்டுமானத் தகவல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரம்) என்று தலைப்பிட்ட பாடத்தின் உள்ளே இருப்பது 2013-இல் வந்த பாஸ் 1192-2 என்ற பழைய பிரிட்டிஷ் ஆவணம். அதை விலக்கிவிட்டுத்தான் 2018-இல் 19650-இன் முதல் இரண்டு பாகங்களும் வந்தன. தலைப்பை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். 2020-இல் வந்த ஐந்தாம் பாகம் தகவல் பாதுகாப்பு பற்றியது. கேமராவும் மின்கட்டமைப்பும் குடிநீர்க் கட்டுப்பாடும் ஒரே கணினி மாதிரிக்குள் வரும் நகரத்துக்கு முதலில் கற்றுத்தர வேண்டியதே அதுதான். அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

திட்டமிடல் பாடம் இன்னும் மோசம். பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளில் ஒரு கால அட்டவணை தந்தார்கள், ‘தொழில்தரமானது’ என்று. திறந்து பார்த்தால் பாதி வேலைகளுக்குப் பின்தொடர் வேலை இணைக்கப்படவே இல்லை. பின்தொடர் வேலை இல்லாத வேலைக்கு மென்பொருள் திட்டத்தின் கடைசி நாள்வரை ஃப்ளோட் (தாமதிக்க இடம் தரும் உபரி நாள்) கொடுத்துவிடும். அது ஒரு மாதம் தாமதமானாலும் அட்டவணை சிவப்பாகாது. மீதி வேலைகளின் முடிவுத் தேதியில் ‘மேண்டேட்டரி ஃபினிஷ்’ (கட்டாய முடிவுத் தேதி) பூட்டு. அது தர்க்க இணைப்பை மதிக்காது. முந்தைய வேலை முடியாவிட்டாலும் தேதி அப்படியே நிற்கும். அட்டவணையைச் சோதிக்கும் பதினான்கு அம்ச முறை என்று ஒன்று உண்டு. இணைப்பு விடுபட்ட வேலை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கடினப் பூட்டும் 5 சதவீதத்துக்குள், முடிவு–தொடக்க இணைப்பு (ஒன்று முடிந்தபின் அடுத்தது தொடங்குவது) 90 சதவீதமாவது இருக்க வேண்டும், 44 வேலை நாளுக்கு மேல் ஃப்ளோட் உள்ள வேலை 5 சதவீதத்துக்குள். இந்த அட்டவணை முதல் அம்சத்திலேயே குப்புற விழும். இதைக் கற்றுக்கொண்டு ஒருவன் கட்டுமான இடத்துக்குப் போனால் என்ன ஆவான்?

ஈட்டிய மதிப்பு (முடிந்த வேலையைப் பட்ஜெட் பணத்தில் அளப்பது) பாடத்தில் எஸ்பிஐ (SPI, ஈட்டிய மதிப்பைத் திட்டமிட்ட மதிப்பால் வகுத்த எண்) 1 ஆனால் திட்டம் நேரத்துக்கு முடிந்தது என்று அர்த்தமாம். எவ்வளவு தாமதமான திட்டமும் முடிந்த அன்று எஸ்பிஐ 1 தான் காட்டும். அன்று ஈட்டிய மதிப்பும் திட்டமிட்ட மதிப்பும் இரண்டும் மொத்த பட்ஜெட்டுக்குச் சமம், வகுத்தால் வேறென்ன வரும்? இதற்காகத்தான் தாமதத்தைப் பணத்தில் அல்லாமல் காலத்தில் அளக்கும் ‘ஈட்டிய கால அட்டவணை’ முறையே வந்தது. பாடம் எடுத்தவருக்கு, எடுத்தது மனிதர்தான் என்றால், இது தெரியாது.

மோதல் கண்டறிதல் (கணினி மாதிரியில் குழாய், தூண், கேபிள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களைத் தேடுவது) பயிற்சி: ஆயிரக்கணக்கில் மோதல் வந்தது. தீர்வாகச் சொன்னது, டாலரன்ஸை (எவ்வளவு குறுக்கீடு வரை கணக்கில் எடுக்காமல் விடலாம் என்ற அளவை) 100 மில்லிமீட்டருக்கு ஏற்று. எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது, ‘பார்த்தீர்களா’ என்றது குரல். அந்த அளவில் வைத்தால் கேபிள் குழலும் சிறு குழாயும் மோதல் கணக்கிலேயே வராமல் போகும். கட்டுமான இடத்தில் கான்கிரீட் போட்ட பிறகு துளைக்க வேண்டியதுதான். துறை வாரியாக இரண்டிரண்டாகச் சோதித்து, குழுவாகச் சேர்த்து, பொறுப்பாளர் பெயர் போட வேண்டிய வேலை அது.

சாலை, பாலத்துக்கும் பிம் (கட்டுமானத்தைத் தகவலோடு கூடிய கணினி மாதிரியாக உருவாக்கும் முறை) கற்றுத்தருவோம் என்றது விளம்பரம். உள்ளே எல்லா ஏற்றுமதியும் ஐஎஃப்சி 2எக்ஸ்3, அதாவது மாதிரிகளைப் பரிமாறும் கோப்பு வடிவத்தின் பழைய பதிப்பு. அதில் சாலை என்ற பொருளே கிடையாது. சாலையும் ரயிலும் முறையாக வந்தது ஐஎஃப்சி 4.3-இல், அது ஐஎஸ்ஓ தரமாக 2024-இல் வெளியானது.

உச்சம் இறுதித் திட்டப்பணி. ‘நிஜ நகரத் திட்டத்தின் மாதிரி’ என்று ரெவிட் என்ற கட்டட மாதிரி மென்பொருளின் கோப்பு ஒன்றைத் தந்தார்கள். ரெவிட்டோடு கூடவே தரப்பட்ட மாதிரி வீட்டின் கோப்பு அது. தலைப்புப் பட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நகரத்தில் ஒரே வீடு!

அந்த 55 ஆயிரத்துக்கு வருகிறேன். மென்பொருள் உரிமம் என்று வாங்கிய பணம். கொடுத்தது முப்பது நாள் சோதனைப் பதிப்பு. ரெவிட், மோதல் தேடும் நேவிஸ்வொர்க்ஸ் இரண்டையும் அவற்றைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஓராண்டு இலவசமாகவே தருகிறது, புதுப்பித்துக்கொள்ளலாம். முக்கிய நிபந்தனை, தகுதியுள்ள கல்வி நிறுவனத்தில் பதிந்த மாணவர் என்று காட்ட வேண்டும். இங்கேதான் குட்டு உடைந்தது. தளம் தந்த ‘மாணவர் அட்டை’யை வைத்து அந்தச் சரிபார்ப்பைத் தாண்ட முடியவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதிவே நடக்கவில்லை என்றால் எப்படித் தாண்டும்?

விற்கும்போது அவர்கள் எழுத்தில் தந்ததைத் திரும்ப எடுத்துப் படித்தால் எங்கும் ‘பட்டம்’ என்று இல்லை. ‘60 கிரெடிட்டுக்கு இணையானது’ என்று இருக்கிறது. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 60 என்றால் குறைந்தது 1500 மணி நேரம். பிரிட்டிஷ் முறையில் முதுநிலை 180 கிரெடிட், ஒன்றுக்குப் பத்து மணி, ஆக 1800. நாற்பது மணி நேர வீடியோவும் நான்கு கொள்குறித் தேர்வும் எதற்கு இணை? ‘ஐஎஸ்ஓ சான்று பெற்றது’ என்ற முத்திரையும் அப்படித்தான். ஐஎஸ்ஓ தரங்களை வெளியிடும், யாருக்கும் சான்று கொடுக்காது. வேறு அமைப்புகள் கொடுக்கும் 9001 சான்று அலுவலக நடைமுறைக்கானது, பட்டம் வழங்கும் உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பிஎம்பி (திட்ட மேலாளர்களுக்கான தொழில்முறைச் சான்று) தேர்வுக்குத் தகுதி’ என்பதும் பெரிய விஷயமல்ல. அந்தத் தேர்வு கேட்பது 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் படிப்பு, அதை இந்த விலையில் ஒரு துளிக்கு முடிக்கலாம். கூடவே அது கேட்கும் பணி அனுபவத்தை எந்தத் தளமும் விற்க முடியாது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது நடந்தது இது. முதலில், ‘ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும்.’ ஏழு நாள் எண்ணப்படுவது பணம் கட்டிய அன்றிலிருந்து. உள்நுழைவுச் சொல் அனுப்பியதே அந்த ஏழு நாள் கழிந்து! அதைச் சுட்டியதும், ‘நீங்கள் 20 சதவீதத்துக்கு மேல் வீடியோ பார்த்துவிட்டீர்கள்.’ முதல் அறிமுக வீடியோக்கள் தானாக ஓடும்படி வைத்திருக்கிறார்கள், தாண்டிப் போக வழியில்லை. அதன்பின், ‘பல்கலைக்கழகத்தின் முடிவு.’ பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதினால் அப்படி ஒரு மாணவரோ பாடமோ தங்களிடம் இல்லை, இருந்தது ஒரு புரிந்துணர்வுக் கடிதம் மட்டும், அதுவும் காலாவதி என்று பதில் வந்தது. (அவர்கள் மட்டும்தான் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள்.) அதைத் தளத்துக்கு அனுப்பினால் ‘உங்கள் கோரிக்கை மேல்நிலைக் குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’, மறுநாளே ‘தீர்க்கப்பட்டது’ என்று புகாரை மூடிவிட்டார்கள். திறந்தால் மறுபடி மூடல். தினமும் ‘சார், சார்’ என்று அழைத்த ஆலோசகர் வேலையை விட்டுவிட்டாராம், அவர் எண்ணிலேயே வேறொருவர் அடுத்த தொகுதி மாணவர் சேர்க்கைக்கு அழைக்கிறார். கடன் நிறுவனத்தைக் கேட்டால் தளத்தைக் கேள் என்கிறது. தளம், கடன் நிறுவனத்தைக் கேள் என்கிறது. தவணை மட்டும் தேதி தவறாமல் பிடிக்கப்படுகிறது. 4 லட்சத்து 20 ஆயிரம், அதற்கு மேல் ‘கையாளும் கட்டணம்’ தனி.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், அடுத்த தவணைக்கு இப்போது வங்கிக்கு ஓட வேண்டும். அவசரமாக:

பட்டம் யார் பெயரில் அச்சாகும் என்று கேளுங்கள். பதிலைப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திடமிருந்து வாங்குங்கள், தளத்திடமிருந்து அல்ல.

அங்கீகாரம் நிறுவனத்துக்கா, அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கா? கட்டுமானப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சிஐஓபி, ஆர்ஐசிஎஸ், ஏசிசிஇ அமைப்புகள் எல்லாம் பாடவாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பாடத்தின் முழுப் பெயரும் இணையவழி முறையும் அதில் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். ‘இணையானது’, ‘ஒத்திசைந்தது’ என்றால் இல்லை என்று பொருள்.

டெமோ எடுத்தவர் எந்தப் பாடத்தை, எத்தனை நேரடி வகுப்பில் எடுப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் போனை வையுங்கள்.

போன வருட மாணவரின் இறுதித் திட்டப்பணி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

தவணை என்றால் கடனா என்று கேளுங்கள். கடன் என்றால் பாடம் ரத்தானால் கடனும் ரத்தாகும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை வேண்டாம்.

பேச்சையெல்லாம் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். ஆலோசகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.