ஒளிச்சேர்க்கை, செல் சுவாசம் சோதனைப் பெட்டி: சாமான் நல்ல சாமான், கையேடுதான் இடிக்கிறது

ஒளிச்சேர்க்கையையும் செல் சுவாசத்தையும் வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கலாம் என்று விற்கிறார்களே, அந்த மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த சோதனைகளில் ஒன்றையும் விடாமல் மகளோடு உட்கார்ந்து செய்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஏறக்குறைய இதே சாமான்களோடு வேறு பெட்டிகளும் கிடைக்கின்றன, உங்கள் கையில் எது இருந்தாலும் நான் சொல்லும் இடங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனைக் குழாய், பீக்கர், புனல், சிரிஞ்ச் எல்லாம் தரமானவை, அயோடினும், அமிலத்தைப் பொறுத்து நிறம் மாறும் புரோமோதைமால் நீலமும் தாராளமாகவே இருக்கின்றன. இடிப்பது கையேடு. செடி என்றால் ஒளிச்சேர்க்கை, விலங்கு என்றால் சுவாசம் என்று பாதி பாதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. செடி இரவும் பகலும் சுவாசித்துக்கொண்டேதான் இருக்கிறது, இலையின் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகமும் உண்டு, சுவாசத்துக்கான மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் குழம்புவதே இங்கேதான். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தேவையான எல்லாமே இந்தப் பெட்டிக்குள் இருந்தும் கையேடு அந்தப் பக்கம் போகவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கலாம். இலைத் துண்டு சோதனை ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். மெல்லிய பச்சை இலையில் நரம்பு இல்லாத இடமாகப் பார்த்துச் சின்ன வட்டங்களாக வெட்டி, சிட்டிகை பேக்கிங் சோடாவும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த தண்ணீரோடு சிரிஞ்சுக்குள் போட்டு, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை இழுக்க வேண்டும். இலைக்குள் இருக்கும் காற்று குமிழ்களாக வெளியேறும், விட்டதும் அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும், துண்டுகள் அடியில் போய் உட்காரும். அப்புறம் பீக்கரில் ஊற்றி விளக்கடியில் வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. பொறுமையாகப் பாருங்கள், துண்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குக் குமிழ் கட்டும், துண்டு ஒரு பக்கமாகத் தூக்கி நின்று ஆடும், பிறகு சட்டென்று மேலே வந்துவிடும். ஒன்று வந்தால் அடுத்தடுத்து மற்றவையும் வரும். பேக்கிங் சோடா கார்பன் டை ஆக்சைடு கிடைக்க வழி செய்கிறது, ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் இலைக்குள் சேர்ந்து துண்டை மிதக்க வைக்கிறது. சோடா போடாத தண்ணீரில் இன்னொரு பீக்கரும் பக்கத்திலேயே இருக்கட்டும், அதில் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும்.

கையேடு இங்கேயே நிறுத்திவிடுகிறது. நீங்கள் நிறுத்தாதீர்கள். மிதக்கும் துண்டுகளோடு அந்த பீக்கரை அப்படியே கருப்புத் துணியால் மூடி வையுங்கள். பிறகு திறந்தால் துண்டுகள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கியிருக்கும், ஏனென்றால் வெளிச்சம் போனதும் ஆக்சிஜன் உற்பத்தி நின்றுவிட்டது, சுவாசம் நிற்கவில்லை, சேர்ந்திருந்த ஆக்சிஜனை இலையின் செல்களே செலவழித்துவிட்டன. திரும்ப வெளிச்சத்தில் வைத்தால் திரும்ப ஏறும். ஒரே துண்டு இலையில் இரண்டு வேலையையும் கண்ணால் பார்த்தாகிவிட்டது. என் மகள் அதிகம் கேள்வி கேட்டது இந்த இடத்தில்தான், பாடப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த சமன்பாடு அவளுக்கு உறைத்ததும் இங்கேதான்.

அடுத்தது புரோமோதைமால் நீலம், கையேடு முழுசாகச் சறுக்குவது இதில். இந்தத் திரவம் பிஹெச் (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) 6-க்குக் கீழே மஞ்சள், 7.6-க்கு மேலே நீலம், இடையில் பச்சை. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும், அதனால் உறிஞ்சுகுழல் வழியாக மெதுவாக ஊதினாலே நிறம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு வந்துவிடும். எல்லாக் குழாயையும் ஊதி மஞ்சளாக்கி, இரண்டில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் துண்டைப் போட்டு, ஒன்றை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வைக்கச் சொல்கிறார்கள். வெளிச்சத்தில் இருப்பது சில மணி நேரத்தில் பச்சையாகி நீலமாகும், செடி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டுவிட்டது, சரி. இருட்டில் இருப்பது? ஏற்கெனவே மஞ்சள், செடி சுவாசித்து இன்னும் கார்பன் டை ஆக்சைடு விட்டாலும் மஞ்சளாகவேதான் இருக்கும். கையேடு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா, இருட்டில் மாற்றம் எதுவும் இல்லை என்று. நடந்த மாற்றம் தெரியாதபடி அவர்களே தொடங்கிவிட்டு மாற்றமே இல்லை என்று எழுதினால் படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும், இருட்டில் செடி சும்மா இருக்கிறது என்றுதானே.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். இருட்டுக் குழாயை ஊதாமல் நீலத்தில், இல்லையென்றால் பச்சையில் தொடங்குங்கள், இரவு முழுக்க மூடி வையுங்கள், காலையில் மஞ்சளை நோக்கி நகர்ந்திருக்கும். செடி இல்லாத குழாய் ஒன்றும் கூடவே கட்டாயம் வேண்டும், நிறம் தானாக மாறவில்லை என்று காட்ட. உப்புத் தண்ணீர் என்று சொல்கிற கடின நீரை ஊற்றினால் நிறம் மாற அடம்பிடிக்கும், காய்ச்சி வடித்த நீர் நல்லது. ஊதும்போது குழந்தை திரவத்தை உறிஞ்சிவிடாமல் இருக்க, உறிஞ்சுகுழலின் மேல்பக்கம் ஊசியால் ஒரு ஓட்டை போட்டுக் கொடுங்கள். இதைக் கையேடு சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இதே குறை வரலாற்றுப் பக்கத்திலும் இருக்கிறது. ஜோசப் பிரீஸ்ட்லி 1771-ல் மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் புதினாக் கொடியை வைத்ததையும், பிறகு அதே காற்றில் மெழுகுவத்தி மறுபடி எரிந்ததையும் படம் போட்டு அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு முடித்துவிட்டார்கள். யான் இங்கன்ஹவுஸ் 1779-ல் வெளியிட்டதுதான் மீதிக் கதை: காற்றைச் சரிசெய்ய வெளிச்சம் வேண்டும், செடியின் பச்சைப் பகுதிகள் மட்டுமே அதைச் செய்கின்றன, இருட்டில் செடியும் காற்றைக் கெடுக்கிறது. அவர் அன்று கண்டதைத்தான் அந்த இருட்டுக் குழாய் காட்டியிருக்க வேண்டும்.

ஹைட்ரில்லாவைப் புனலுக்கு அடியில் வைத்துக் குமிழ் எண்ணும் சோதனை நன்றாகவே வருகிறது. விளக்கை இரண்டு மடங்கு தூரம் நகர்த்தினால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும், குமிழ் வரும் வேகமும் குறைவதைப் பிள்ளைகளே எண்ணிப் பார்க்கலாம். ஆனால் சேர்ந்த வாயுவில் கனல் குச்சியை விட்டால் பளிச்சென்று எரியும் என்று சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், பெட்டியோடு வரும் சின்ன விளக்குக்கு அவ்வளவு ஆக்சிஜன் சேராது, கரைந்திருந்த நைட்ரஜனும் கூடவே வரும். இதைவிடப் பெரிய பிசகு அந்தப் பக்கத்தின் விளக்கத்தில் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடை உடைத்துச் செடி ஆக்சிஜனை வெளியே விடுகிறதாம். வெளியே வரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது. 1941-ல் ரூபனும் கேமனும் கனமான ஆக்சிஜன்-18 கலந்த தண்ணீரைக் கொடுத்துச் செய்த ஆய்வு அதற்குச் சான்று காட்டி எத்தனை வருஷமாகிவிட்டது!

வெளிச்சத்தின் நிறத்தை மாற்றிப் பார்க்கும் வண்ணத்தாள் சோதனையைத் தள்ளிவிடலாம். பச்சைத்தாள், சிவப்புத்தாள் ஒவ்வொன்றும் விடும் வெளிச்சத்தின் அளவே வேறு வேறு, அதனால் வருகிற முடிவு நிறத்தாலா அளவாலா என்று சொல்ல முடியாது.

சுவாசத்துக்கு என்று கொடுத்திருப்பது ஈஸ்ட், சர்க்கரை, பலூன். பலூன் உப்புவதைப் பார்க்கக் குழந்தைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் மூடிய பாட்டிலில் ஈஸ்ட் செய்வது பெரும்பாலும் நொதித்தல், ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது, ஒரு குளுக்கோஸுக்குக் கிடைப்பது 2 ஏடிபி (செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் மூலக்கூறு). ஆக்சிஜனோடு மைட்டோகாண்ட்ரியா வரை போய் முழுசாக எரித்தால் சுமார் 30 முதல் 32 என்று இன்றைய கணக்கு, கையேட்டில் இருக்கும் 38 பழைய கணக்கு. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் இந்த வித்தியாசமே காணாமல் போகிறது. முளைவிடும் பயறுதான் இதற்குச் சரியான ஆள். ஊறி முளைத்த பயற்றை பிளாஸ்க்கில் பஞ்சு வைத்து மூடி, இன்னொன்றில் வேகவைத்து ஆறிய பயற்றைப் போட்டு, இரண்டிலும் வெப்பமானி வையுங்கள், முளைப்பயறு இருக்கும் பிளாஸ்க் சூடேறும். வெந்ததில் பூஞ்சை, பாக்டீரியா வந்து அதுவும் சூடாகிவிடாமல் இருக்க இரண்டையும் கிருமிநாசினியில் அலசிக்கொள்ள வேண்டும். வெப்பமானி பெட்டியில் இல்லை, தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

யாருக்கு வாங்கித் தரலாம் என்றால், கூட உட்கார்ந்து செய்ய ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்குத் தாராளமாக. பிள்ளை தனியாகக் கையேட்டை வைத்துக்கொண்டு செய்வதானால் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன், இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று அயோடினால் பார்க்கும் சோதனைக்காகவும்தான். இலையின் பச்சையத்தை எடுக்க ஆல்கஹாலைச் சூடாக்க வேண்டியிருக்கிறது, அதை நேரடித் தீயில் வைக்கவே கூடாது, அடுப்பை அணைத்துவிட்டுக் கொதித்த தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் குழாயை நிறுத்த வேண்டும். அந்த எச்சரிக்கை கையேட்டில் இருக்கிறது, ஆனால் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். நான் அதைச் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதிச் சோதனைப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன், நிறுவனத்துக்கும் இருட்டுக் குழாய் விஷயத்தோடு சேர்த்து எழுதி அனுப்பியிருக்கிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன், அடுத்த பதிப்பில் அந்த இருட்டுக் குழாய்ப் பத்தி ஒன்றைத் திருத்தினாலே நாலாக்குவேன்.